பலகையில் ஒரு தட்டு

ஜகதாம்பாள்: அதான் ஆத்துல இல்லேன்னு சொல்லிட்டேனே எல்லப்பா... எத்தனை தடவை சொல்றது.

எல்லப்பன்: செருப்பு வாசல்ல கீதும்மா.

ஜகதாம்பாள்: வேற செருப்பு போட்டுண்டு போயிருப்பார்.

எல்லப்பன்: சாமிகிட்ட ஏதும்மா ரெண்டு ஜோடி.

ஜகதாம்பாள்: நன்னாருக்கே. அரக்கோணத்துலேந்து எல்லப்பன் வந்திருக்கேன்னு பேரைச் சொல்லிட்டா போறுமா. அவருக்கு எத்தனை ஜோடி செருப்புன்னு எண்ணறதுக்கு நீ யாரு?

எல்லப்பன்: ஏரோப்ளேன் கேம்ப்ல திரை இழுக்கற ஆளும்மா. சோல்ஜருங்களுக்கு சீமைக்காரங்க வந்து நாடகம் போடறாங்க இல்ல... அங்க. சாமிகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டுகினு போயிடறேன். நேரம் இல்ல. மூணரைக்கு பம்பாய் மெயிலு.

ஜகதாம்பாள்: பம்பாய் மெயிலுக்கும் பாராயணம் பண்றவருக்கும் என்ன சம்பந்தம்?

வெங்கடசுப்பு: ஜகதா... வாசல்ல யாரு?

ஜகதாம்பாள்: நீங்க ஆத்துல இல்லே. உள்ளேயே இருங்கோ.

எல்லப்பன்: நான்தான் சாமி. எல்லப்பன்.

வெங்கடசுப்பு: உன்னை இந்தத் தெருப் பக்கம் வராதேன்னு சொல்லியிருக்கேனா இல்லையா.

எல்லப்பன்: சொல்லிகிறீங்க. வேற வழி இல்ல.

வெங்கடசுப்பு: கூட யாராவது வந்திருக்காளா?

எல்லப்பன்: இல்ல சாமி. நான் மட்டும்தான்.

வெங்கடசுப்பு: அப்போ வந்த வழியே போ. நான் யாரையும் பாக்கறதா இல்லே.

எல்லப்பன்: தொரை நாடகத்த வுட்டுட்டாரு சாமி. நாப்பத்தஞ்சு வருசம். வுட்டுட்டாரு. இனிமே மேடை ஏறமாட்டேன்னு பெரிய ஆபீசருக்குக் காயிதம் எழுதிக் குடுத்துட்டாரு. மூணரைக்கு வண்டி. பம்பாய்ல கப்பல்.

ஜகதாம்பாள்: எந்தத் துரை?

வெங்கடசுப்பு: ஒண்ணுமில்லே ஜகதா. நீ போய் அடுப்பைப் பாரு.

ஜகதாம்பாள்: அடுப்பு அணைஞ்சு அரை மணி ஆச்சு. சனிக்கிழமையிலேந்து நீங்க ஒழுங்கா சாப்பிடலே, மலைக்குப் போகலே, உங்க கோஷ்டி ஆள் வந்து கூப்பிட்டா ஜுரம்னு சொல்லச் சொல்றேள். இன்னிக்கி செவ்வாக்கிழமை. எந்தத் துரை எல்லப்பா?

எல்லப்பன்: பேர்லி தொரைம்மா. சீமையில பெரிய நடிகரு. சாமி பத்து நாளா அவருகூடதானே...

வெங்கடசுப்பு: எல்லப்பா.

ஜகதாம்பாள்: பத்து நாளா கனகம்மாசத்திரத்துல ஒரு பெரிய மனுஷர் ஆத்துல பாராயணம் நடந்தது. அப்படித்தான் எனக்குச் சொன்னது.

எல்லப்பன்: கேம்ப் லாரி அந்தப் பக்கம் போவாதேம்மா.

ஜகதாம்பாள்: ஓ. லாரி வேற.

வெங்கடசுப்பு: ஜகதா, நான் அப்பறமா எல்லாத்தையும் சொல்றேன்.

ஜகதாம்பாள்: வேண்டாம். இவனே சொல்லட்டும். நீங்க சொன்னா நடுவுல கனகம்மாசத்திரம் வரும். சொல்லு எல்லப்பா. நடிகருக்கு இவர் என்ன பண்ணினார்? சமைச்சுப் போட்டாரா?

எல்லப்பன்: வரி எடுத்துக் குடுத்தாரும்மா.

ஜகதாம்பாள்: அப்படீன்னா?

எல்லப்பன்: மேடைக்கு அடியில ஒரு பொட்டி கீது. முன்னால கோணி தொங்கும். சாமி அதுக்குள்ள குந்திகினு இருப்பாரு. தொரை பேசறப்ப வரி மறந்து நின்னாருன்னா, சாமி அடுத்த வரிய மெதுவா எடுத்துக் குடுப்பாரு. தொரைக்கு மட்டும்தான் கேக்கும்.

ஜகதாம்பாள்: இங்கிலீஷ்லயா?

எல்லப்பன்: இங்கிலீஷ்லதான்.

ஜகதாம்பாள்: ஏன்னா... உங்களுக்கு ஸ்டேஷன்ல போர்டு படிக்கத் தெரியாதே.

வெங்கடசுப்பு: படிக்கணும்னு என்ன அவசியம். காதால கேட்டா போறும்.

எல்லப்பன்: மூணே தடவைம்மா. தொரை முழு நாடகத்தையும் மூணு தடவை படிச்சிக் காட்டினாரு. நாலாவது தடவை சாமி திருப்பிச் சொல்றாரு. மூச்சு வுடற எடம்கூட தப்பல. தொரை நாற்காலிய வுட்டு எழுந்து நின்னுட்டாரு.

ஜகதாம்பாள்: அப்போ தூக்கத்துல முணுமுணுத்தது அதானா...

வெங்கடசுப்பு: நான் எங்கே முணுமுணுத்தேன்.

ஜகதாம்பாள்: தினம். என்ன பாஷைன்னே புரியாம. ஏதோ காத்து கருப்பு அடிச்சிடுத்துன்னு பயந்து, பொய்கைத் தீர்த்தம் கொண்டுவந்து தலையில தெளிச்சேன். கையில கயிறு கட்டினேன். இதோ இருக்கே.

வெங்கடசுப்பு: இது ஜுரம் வராம இருக்கறதுக்குன்னு சொன்னியே.

ஜகதாம்பாள்: நீங்க கனகம்மாசத்திரம்னு சொன்னேளே.

எல்லப்பன்: தப்பு என் மேலதாம்மா. ஒரு நாள் தொரைய மலை பாக்க நான்தான் கூட்டியாந்தேன். சாமியும் அவங்க ஆளுங்களும் கொளத்தங்கரையில பலகை போட்டு உக்காந்து ஓதிகினு இருந்தாங்க. ஒருத்தர் கையிலயும் பொஸ்தகம் இல்ல. தொரை அப்டியே நின்னுட்டாரு. நடுவுல யாரோ தப்பு வுட்டாரு போல... சாமி கை முட்டியால பலகையில ஒரு தட்டு தட்டி, 'ம்ஹூம்'னாரு. அவ்ளோதான். அந்த ஆளு மூச்சு வுடாம திரும்பி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சாரு. அது இன்னா தட்டுனு தொரை என்கிட்ட கேட்டாரு.

ஜகதாம்பாள்: அது பாடசாலை வழக்கம். தட்டு விழுந்தா தப்புன்னு அர்த்தம். எதிர்த்துக் கேக்கப்படாது. பத்தி ஆரம்பத்துலேந்து மறுபடியும் சொல்லணும்.

எல்லப்பன்: அதத்தான் நானும் சொன்னேன். தொரைக்கு அது ரொம்பப் புடிச்சிப்போச்சி. ஒத்திகையில எனக்கும் அந்த மாதிரி தட்டுங்கனு கேட்டுகினாரு. ஒத்திகையில தட்டு, நாடகத்துல காதோட காதா வரி. அதான் ஏற்பாடு.

ஜகதாம்பாள்: நடிக்கறதே தொழில்னு இருக்கறவருக்கு வசனம் எப்படி மறக்கும்?

எல்லப்பன்: அது பெரிய கதைம்மா.

வெங்கடசுப்பு: மூணரைக்கு வண்டின்னு சொன்னியே. கதை சொல்லிண்டு நிக்கறே.

எல்லப்பன்: நீங்க கெளம்பற வரைக்கும் சொல்லிகினேதான் இருப்பேன் சாமி... ரொட்டிக்கடைக்காரர் புள்ளைம்மா அவரு. கடலோரமா ஏதோ சின்ன ஊரு. பதினாலு வயசுல நாடகக் கம்பெனியோட ஓடிட்டாரு.

ஜகதாம்பாள்: அந்த ஊர்லயும் ஓடறதுதானா.

எல்லப்பன்: நானும் அப்டி ஓடினவன்தாம்மா. எனக்குத் திரை இழுக்கறதுக்கு மேல வரல. அவருக்கு மொதல்ல வெளக்கு புடிச்சிகினு நிக்கற வேலை. ஒரு நாள் கெழவன் வேசம் கட்டறவரு குடிச்சிட்டு வுழுந்துட்டாரு. பதினேழு வயசுப் பையன் தலையில மாவக் கொட்டி மேடையில ஏத்தி வுட்டுட்டாங்க. அன்னிலேர்ந்து கெழவன் வேசம்னா அவருதான். இருவது வயசுல எம்பது வயசு ராசா. இப்ப மாவு தேவை இல்ல எல்லப்பா, அதான் ஒரே லாபம்பாரு.

ஜகதாம்பாள்: பாவம்.

எல்லப்பன்: லண்டன் கொட்டாயில இருவத்தஞ்சு வருசம். இவரு பேரு போட்டா அன்னிக்கி டிக்கெட்டு கெடைக்காது. அப்பால ஊமைப்படம். அப்பால பேசும்படம். மெட்ராஸ்ல தரை டிக்கெட்டு வாங்கிகினு நானே பாத்துகிறேன்மா, கப்பல் கேப்டனா வருவாரு. அந்தக் கொரலு இன்னா கொரலு... அந்தப் படத்தாலதான் அவரு கெட்டாரு.

ஜகதாம்பாள்: பேர்தானே வந்தது, கெட்டுப்போவானேன்?

எல்லப்பன்: படத்துல ரெண்டு வரி சொன்னா நிறுத்திடுவாங்க. காமிராவ நவுத்துவாங்க. அப்பால ரெண்டு வரி. பத்து வருசம் அப்டியே பழகிட்டாரு. சண்டை வந்திச்சி, லண்டன்ல குண்டு வுழுந்து கொட்டாய்ங்கள மூடினாங்க. சோல்ஜருங்களுக்கு நாடகம் போட ஆளு வேணும்னு கேட்டப்ப இவருதான் மொதல்ல போய் நின்னாரு. மேடையில ஏறினதுக்கப்பறம்தான் தெரிஞ்சிகினாரு... வரி நிக்கல.

ஜகதாம்பாள்: ஐயோ.

எல்லப்பன்: வரி எடுத்துக் குடுக்க ஒரு வெள்ளைக்காரம்மா கூடவே வந்துது. அதுக்கு மலேரியா. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில படுத்துகினு கீது. ஊரூரா போய்கினு இருந்தவரு அரக்கோணத்துல வந்து மாட்டிகினாரு. தனக்கு மறதினு வெளிய தெரிஞ்சா இத்தோட சரி, மூட்டை கட்டி அனுப்பிடுவாங்கனு பயம். அந்த நேரத்துலதான் சாமி கெடச்சாரு.

ஜகதாம்பாள்: என்ன குடுத்தா இவருக்கு?

வெங்கடசுப்பு: ஒண்ணும் வாங்கலே. அந்த எடத்துல பச்சத் தண்ணிகூட வாங்கிக் குடிக்கலே.

ஜகதாம்பாள்: பின்னே எதுக்காகப் போனேள்? மாமிசம் பொங்கற எடத்துக்குப் போய், கோணிக்குள்ள ஒண்டிண்டு... எதுக்காக?

வெங்கடசுப்பு: முப்பது வருஷமா மலையில ஓதறேன் ஜகதா. யார் நின்னு கேக்கறா? முடி இறக்கிண்டு ஓடறா, காவடி தூக்கிண்டு ஓடறா. நாங்க ஒரு பக்கமா உக்காந்து சொல்லிண்டிருக்கோம். தப்பாச் சொன்னாலும் ஒண்ணுதான், சரியாச் சொன்னாலும் ஒண்ணுதான். அங்கே ரெண்டாயிரம் பேர். நான் எடுத்துக் குடுத்த வரி மேல போய் அவர் வாயிலேந்து வரது... ரெண்டாயிரம் பேரும் கை தட்டறா. பலகை அதிர்றது. என் தலைக்கு மேல அதிர்றது.

ஜகதாம்பாள்: உங்களுக்குத் தட்டலியே.

வெங்கடசுப்பு: எனக்குத் தெரியுமே, அது யாரோட வரின்னு.

எல்லப்பன்: சாமி சொல்றது நெசந்தான்மா. அத்தினி நாளும் தொரை நாலு வரிக்கு ஒருக்கா பொட்டியத்தான் பாப்பாரு. சாமி இல்லனா அவரு இல்ல.

ஜகதாம்பாள்: சரி. சனிக்கிழமை என்ன நடந்தது?

வெங்கடசுப்பு: அதை ஏன் இப்போ...

ஜகதாம்பாள்: எல்லப்பா, சொல்லு.

எல்லப்பன்: அன்னிக்கி கடைசி நாளும்மா. ஒரு கெழ ராசாவோட கதை. நாட்டை வுட்டுத் தொரத்திட்டாங்க. வருசக் கணக்கா சுத்திட்டு அவரு கோட்டைக்கே திரும்பி வராரு. காவக்காரனுக்கு அடையாளம் தெரியல. நான்தான்டா ராசானு வாசல்ல நின்னுகினு சொல்றாரு. தனியா பன்னெண்டு நிமிசம் பேசணும். தொரை முன்னால வந்து நின்னாரு. ஆரம்பிச்சாரு. ஒரு இருமல் இல்ல. பீடி இழுக்கறவன் இழுக்கறத நிறுத்திட்டான். நான் கயிற கையில புடிச்சிகினு நிக்கறேன், என் கண்ணுல தண்ணி. பாதி தாண்டிட்டாரு. அப்ப... பலகையில ஒரு தட்டு.

ஜகதாம்பாள்: இவரா?

எல்லப்பன்: டொக்குனு. கடைசி வரிசைக்கும் கேட்டிச்சி. 'ம்ஹூம்'னு ஒரு சத்தம்.

ஜகதாம்பாள்: நாடகம் நடக்கறப்போவா...

வெங்கடசுப்பு: தப்பு காதுல விழுந்தா கை தானா போயிடறது. முப்பது வருஷப் பழக்கம். அதை எப்படி நிறுத்தறது.

எல்லப்பன்: தொரை நின்னுட்டாரு. சாமி தட்டினா திரும்பி மொதல்லேர்ந்து சொல்லணும் இல்ல... பழக்கத்துல மொதல்லேர்ந்து ஆரம்பிக்கறாரு. வாய் வரல. எங்க ஆரம்பம், எங்க முடிவுனு ஒண்ணியும் தெரியல. பொட்டியப் பாத்துகினே நிக்கறாரு. முன் வரிசையில ஒரு சோல்ஜரு எழுந்து வந்து கோணியத் தூக்கிட்டான். உள்ள சாமி. குடுமியும் பஞ்சகச்சமுமா...

வெங்கடசுப்பு: போறும்.

எல்லப்பன்: ரெண்டாயிரம் பேரும் சிரிச்சாங்கம்மா. நான் திரைய வுட்டுட்டேன்.

ஜகதாம்பாள்: அதான் அன்னிக்கி வந்ததும் கிணத்தடியில அத்தனை நாழி நின்னேளா...

எல்லப்பன்: தொரை அந்தச் சிரிப்புக்கு வருத்தப்படலம்மா. சின்ன வயசுல மேடையில அழுவின முட்டையால அடியே வாங்கினவன் நான்னாரு. அவருக்கு ஒரே கேள்விதான். எந்த வார்த்தை? கூட நடிக்கறவங்களக் கேட்டாரு. நீங்க சரியாத்தான் சொன்னீங்கனு அவங்க சொல்றாங்க. நம்ப மாட்டேங்கறாரு. 'ஒரு வருசமா என் மனசு நோவக் கூடாதுனு எல்லாரும் பொய் சொல்லிகினு வரீங்க. அந்த சாமி எனக்காகப் பொய் சொல்ல மாட்டாரு. அவரு தட்டினா அது தப்புதான்'னுட்டாரு.

ஜகதாம்பாள்: அவ்வளவு நம்பிக்கையா.

எல்லப்பன்: 'மறந்து போய் முழிச்சேன்னா பரவால்ல எல்லப்பா. தப்பா சொல்றேன்னுகூட தெரியாம தப்பா சொல்லிகினு நின்னேன் பாரு. அப்டிப்பட்டவன் மேடை ஏறக் கூடாது'ன்னாரு. சொல்லிட்டு வேசப் பொட்டியத் தூக்கி என் கையில குடுத்துட்டாரு. தாடி, மீசை, கலரு, சீப்பு, எல்லாம்... நீயே வெச்சிக்கோன்னுட்டாரு. அத நான் எப்டி வாங்குவேன்.

ஜகதாம்பாள்: அவருக்கு யாரும் இல்லியா? சம்சாரம், குழந்தைகள்?

எல்லப்பன்: சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டாங்க. இருந்த வூடு குண்டுல போச்சி. ஊருக்குப் போய் இன்னா பண்ணுவீங்கனு கேட்டேன். தெரியலன்னாரு. அறுவது வயசுல ஒருத்தரு தெரியலனு சொன்னா கேக்கவே முடியலம்மா.

வெங்கடசுப்பு: இதெல்லாம் என்கிட்ட ஏன் சொல்றே. நான் என்ன பண்ண முடியும்.

எல்லப்பன்: ஸ்டேசனுக்கு வாங்க. வந்து, 'நீங்க தப்பே சொல்லல, நான்தான் கவனக் குறைவா தட்டிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற யாரு சொன்னாலும் ஏறாது. நீங்க சொன்னா காயிதத்தத் திருப்பி வாங்கிக் கிழிச்சிடுவாரு.

வெங்கடசுப்பு: என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?

எல்லப்பன்: பொய்தான் சாமி. நல்லதுக்கு ஒரு பொய்.

வெங்கடசுப்பு: வேதம் சொல்ற வாய் இது. இதுல பொய் வராது.

ஜகதாம்பாள்: கனகம்மாசத்திரம் எந்த வாயால வந்தது?

வெங்கடசுப்பு: நீ சும்மா இரு ஜகதா.

ஜகதாம்பாள்: பத்து நாளா சும்மாத்தானே இருந்தேன்.

எல்லப்பன்: உங்க கால்ல வுழறேன் சாமி.

வெங்கடசுப்பு: என்னால முடியாது. போயிடு. தட்டினா தட்டினதுதான். அதைத் திருப்பி வாங்கிக்கற வழக்கம் கிடையாது.

எல்லப்பன்: சரி. பொய் வேணாம். நெசத்தையே சொல்லுங்க. எந்த வார்த்தை?

வெங்கடசுப்பு: என்ன?

எல்லப்பன்: தொரை எந்த வார்த்தையத் தப்பா சொன்னாரு? அதயாவது சொல்லுங்க. அது ஒண்ணு தெரிஞ்சா போதும்னாரு. வழியில பூரா அத்த நெனச்சிகினே போவ மாட்டாரு இல்ல.

வெங்கடசுப்பு: அது... ராஜா வாசல்ல நின்னு பேசற எடத்துல.

எல்லப்பன்: அது தெரியும். அதுல எங்க?

வெங்கடசுப்பு: நடுவுல.

எல்லப்பன்: நடுவுலனா... கோட்டை கட்டினதச் சொல்றாரே, அங்கயா? அப்பாரு செத்ததச் சொல்றாரே, அங்கயா?

வெங்கடசுப்பு: எனக்கு என்ன அர்த்தமா தெரியும். சத்தம்தான் தெரியும்.

எல்லப்பன்: சத்தத்தையே சொல்லுங்க. நான் அப்டியே வாயில வெச்சிகினு போய் கக்கிடறேன்.

வெங்கடசுப்பு: உன் வாயில அது நிக்காது.

எல்லப்பன்: சொல்லித்தான் பாருங்களேன்.

வெங்கடசுப்பு: மறந்துடுத்து.

ஜகதாம்பாள்: மறந்துடுத்தா?

வெங்கடசுப்பு: ஆமாம். மனுஷனுக்கு மறக்கப்படாதா.

ஜகதாம்பாள்: நம்ம கல்யாணத்தன்னிக்கு வாத்தியார் விட்ட ரெண்டு எழுத்தை இருபது வருஷமா சொல்லிக் காட்டறேள். எங்க அப்பா சிரார்த்தத்துல உங்க தமையன் எந்த எடத்துல முழுங்கினார்னு இப்போ கேட்டாலும் சொல்வேள். சனிக்கிழமை விழுந்த வார்த்தை செவ்வாக்கிழமை மறந்துடுத்தா?

வெங்கடசுப்பு: ஏண்டி இப்படிக் குடையறே. அந்தச் சிரிப்புல எல்லாம் போயிடுத்து. போறுமா?

ஜகதாம்பாள்: என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

எல்லப்பன்: சாமி, நேரம் ஆவுது. நான் ஒண்ணு சொல்லிடறேன். கோச்சிக்காதீங்க. நான் தனியா வரல.

வெங்கடசுப்பு: என்ன?

எல்லப்பன்: தொரையும் வந்துகிறாரு. கொளத்தாண்ட ஜீப்புல குந்திகினு கீறாரு.

வெங்கடசுப்பு: இங்கேயா? அடப்பாவி... யாரும் வரலேன்னு சொன்னியே.

எல்லப்பன்: சொன்னா நீங்க கொல்லப்பக்கமா போயிடுவீங்க. தெருவுல வந்தா சாமிக்குக் கஷ்டம், நான் இங்கயே இருக்கேன்னு தொரைதான் சொன்னாரு. தொப்பியக் கழட்டி மடியில வெச்சிகினு வெய்யில்ல உக்காந்துகினு கீறாரு. பசங்க சுத்தி நின்னு வேடிக்கை பாக்குதுங்க.

ஜகதாம்பாள்: இந்த வெய்யில்லயா. ஒரு டம்ளர் மோராவது கொண்டு போய்க் குடுக்கப்படாதோ.

வெங்கடசுப்பு: என்னை எதுக்குப் பாக்கணும்? அவமானப்பட்டது போறலியா?

எல்லப்பன்: கோவமா வரல சாமி. கும்புட்டுப் போவ வந்துகிறாரு. கும்புட்டு, அந்த வார்த்தையக் கேட்டுகினு போவ.

வெங்கடசுப்பு: நான் இல்லேன்னு சொல்லிடு. ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லிடு.

ஜகதாம்பாள்: இந்த வாயிலதான் பொய் வராது.

எல்லப்பன்: இன்னொண்ணும் கீது. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுனு தொரை சத்தியம் வாங்கிகினாரு. இனிமே சத்தியம் இருந்தா இன்னா, போனா இன்னா. சனிக்கெழமை அவரு ஒரு தடவைகூட பொட்டிய பாக்கல. கவனிச்சீங்களா? ஏன்னு தெரியுமா? ஒம்பது நாளா காத்தால நாலு மணிக்கு எழுந்து படிச்சாரு சாமி. கேம்ப் நர்சம்மா பொஸ்தகத்த வெச்சிகினு கேக்கும், இவரு நடந்துகினே சொல்லுவாரு. ரெண்டு வரி மட்டும் நிக்கற டப்பாவுல முழு நாடகத்தையும் போட்டு அமுக்கினாரு. அந்த வயசுல. எதுக்குனு நெனச்சீங்க?

வெங்கடசுப்பு: நான் வேண்டாம்னுதான். வேறென்ன.

எல்லப்பன்: இல்ல சாமி. 'அந்தப் பெரிய மனுசரு முதுக மடக்கிகினு அந்தப் பொட்டியில குந்தறாரு. வூட்டுக்குப் போய் தீட்டுனு தலை முழுவறாரு. கடைசி நாளாவது அவரு ஒரு வரி எடுத்துக் குடுக்காம சும்மா உக்காந்து கேக்கட்டும். இந்தக் கெழவனுக்கு அவரு கத்துக் குடுத்தது வீணாப் போவலனு தெரியட்டும்.' அப்டின்னாரு. நாடகம் முடிஞ்சதும் அவரே எறங்கி வந்து உங்க கையப் புடிச்சி மேடையில ஏத்தி, 'இவருதான் எனக்கு வாத்தியாரு'னு அத்தினி சோல்ஜருங்ககிட்டயும் சொல்றதா இருந்தாரு. அதுக்குனு ஒரு புது பாய்கூட வாங்கி வெச்சிருந்தேன், நீங்க உக்கார்றதுக்கு.

வெங்கடசுப்பு: என்னையா... மேடையிலயா?

எல்லப்பன்: ஆங்.

வெங்கடசுப்பு: ரெண்டாயிரம் பேருக்கு முன்னாடியா?

எல்லப்பன்: ஆங் சாமி. வெள்ளிக்கெழமை நர்சம்மா முழுசா ஒரு தடவை கேட்டுச்சி. ஒரு எழுத்து தப்பலைனு அதுவே கை தட்டிச்சி. அப்டிப்பட்டவரு மறுநாளு எங்க தப்பினாருனு எனக்கும்தான் புரியல.

வெங்கடசுப்பு: என்ன அப்படிப் பாக்கறே ஜகதா.

ஜகதாம்பாள்: நான் ஒண்ணும் கேக்கலியே.

வெங்கடசுப்பு: பாக்காதே.

ஜகதாம்பாள்: சரி. பாக்கலே.

வெங்கடசுப்பு: எல்லப்பா... ஜீப் இன்னும் நிக்கறதா?

எல்லப்பன்: நிக்கும் சாமி.

வெங்கடசுப்பு: ஜகதா, அந்த அங்கவஸ்திரத்தை எடு. மோர் இருந்தா ஒரு செம்புல விட்டுக் குடு.

எல்லப்பன்: வரீங்களா? நெசமாவா சாமி? அந்தப் பொய்யச் சொல்றதுக்கு மனசு வந்திச்சா?

வெங்கடசுப்பு: பொய் சொல்ல நான் வரலே.

எல்லப்பன்: அப்ப... எந்த வார்த்தைனு மூஞ்சிக்கு நேரா சொல்லப் போறீங்களா? வேணாம் சாமி. நான் கேட்டது தப்பு. உங்க வாயால அத்தக் கேட்டா அந்த மனுசன் செத்துடுவாரு. அதுக்கு நீங்க வராமயே இருங்க.

வெங்கடசுப்பு: வார்த்தையே கிடையாது எல்லப்பா. ஒரு எழுத்துகூட அவர் தப்பா சொல்லலே. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பலே... அதான் தட்டினேன்.